பயத்தை எடுத்துவிடும் என்று கேட்டேன்

என் கைகள் நடுங்க ஆரம்பித்தது போன வருஷம் ஆகஸ்டு மாதத்தில். அதுவரை பத்தொன்பது வருஷம் அந்தக் கைகளை நம்பித்தான் என் குடும்பம் சாப்பிட்டது. இன்றைக்கு உங்கள் முன்னால் உயிரோடு நின்று பேசுகிறேன் என்றால் அது ஆண்டவருடைய கிருபை. அதை அவர் எப்படிச் செய்தார் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். நான் கேட்டபடி அவர் செய்யவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் எபிநேசர். சேக்காட்டில் குடியிருக்கிறோம். மனைவி ஸ்டெல்லா அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறாள். இரண்டு பெண் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சபையில் பாய் விரித்து, மைக் செட் தூக்கி வைக்கிற ஆளாக உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். மற்ற ஆறு நாளும் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தவர்கள் குறைவு.

நான் உயரமான கட்டடங்களில் இரும்பு மாட்டுகிறவன். சிமென்டுக்கு முன்னால், சுவருக்கு முன்னால், வெறும் இரும்புத் தூண்கள்தான் மேலே போகும். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் கிரேன் ஒரு பீமைத் தொங்கவிடும். அதைப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை நேர் பார்த்து, போல்ட் போட்டு முறுக்குவது எங்கள் வேலை. நடப்பதற்கு ஒரு சாண் அகலம் இருக்கும். இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கொக்கி, கொக்கியை மாட்ட ஒரு கயிறு. வேறு எதுவும் கிடையாது. நான் அந்த ஒரு சாண் இரும்பில் தெருவில் நடப்பது மாதிரி நடப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

காட்டுப்பாக்கத்தில் ஒரு அலுவலகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பத்தொன்பது மாடி. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். என் ஜோடி சலீம், பூந்தமல்லிக்காரன். பதினொரு வருஷமாக நானும் அவனும் ஒரே பீமின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். கள்ளிக்குப்பத்திலிருந்து ராஜேந்திரன் வருவான். முப்பத்து நாலு வயது. அதிகம் பேசமாட்டான். சாப்பாட்டு நேரத்தில் தன் மனைவி கொடுத்தனுப்பிய ஊறுகாயை எல்லோருக்கும் வைப்பான்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணி. ஒன்பதாவது மாடி. நான் ஒரு மூலையில் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு முழ தூரத்தில் ராஜேந்திரன் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாத்தே, அந்தப் பெரிய ஸ்பேனர கொஞ்சம் குடு" என்றான்.

"இருப்பா, இத முட்ச்சிட்டு தரேன்" என்றேன்.

முடித்துவிட்டுத் திரும்பினேன். ஆள் இல்லை. அவன் கத்தவில்லை. கூப்பிடவில்லை. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கீழேயிருந்து கூச்சல் வர ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஸ்பேனருக்காகக் கை நீட்டினானா, கொக்கியைக் கழற்றி வேறு கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அது மட்டும் தெரியும்.

மூன்று நாள் வேலை நின்றது. போலீஸ் வந்தது, போனது. நான்காம் நாள் காலையில் சூப்பர்வைசர் குமரேசன் சார் வாசலில் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார். எல்லோரும் மேலே ஏறினோம். நான் போல்ட் பைக்குள் கையை விட்டேன். உள்ளே போல்ட்டுகள் கலகலவென்று சத்தம் போட்டன. கையை வெளியே எடுத்தேன். சத்தம் நின்றது. மறுபடியும் விட்டேன். மறுபடியும் சத்தம். அப்போதுதான் என் கை நடுங்குகிறது என்று கண்டுபிடித்தேன்.

அன்றிலிருந்து பயம் என்னோடு ஏணி ஏறியது. அடுத்தவர்கள் பார்க்காதபடி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லாத இடத்தில் கொக்கியை இரண்டு தடவை மாட்டிப் பார்த்தேன். வியர்வை நெற்றியிலிருந்து விழுந்து கீழே போவதைப் பார்க்க முடியாமல் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டேன். சலீமிடமிருந்து மட்டும் மறைக்க முடியவில்லை.

"மச்சான், இன்னாடா ஆச்சு உனக்கு? கை இப்டி ஆடுது."

"ஒன்னியும் இல்ல. தூக்கம் இல்ல."

"என்கிட்டயே கத வுடாத. பயந்துகினு கீற நீ. கீழ இரும்பு அடுக்கற யார்டுல வேல கேளு. நான் சார் கைல பேசறேன்."

"யாருக்கும் தெரியக் கூடாதுடா" என்றேன். அன்று முதல் என் பங்குக்கு வந்த கஷ்டமான மூலைகளையும் அவனே எடுத்துக்கொண்டான்.

நான் ஜெபிக்க ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் ஜெபிக்கவில்லை என்று இல்லை. ஆனால் இது வேறு. விடியற்காலையில் எழுந்து குளியலறையில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்தப் பயத்தை என்னிடமிருந்து எடுத்துவிடும்" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். பாஸ்டர் ஐயா என் தலையில் கை வைத்து ஜெபித்தார். காரணம் சொல்லாமல்தான் ஜெபிக்கச் சொன்னேன்.

பயம் குறையவில்லை. நான் ஜெபிக்க ஜெபிக்க அது வளர்ந்தது. ஆகஸ்டில் கை மட்டும்தான் நடுங்கியது. செப்டம்பரில் முழங்காலுக்கும் வந்துவிட்டது. பருத்திப்பட்டு தாண்டி, கரையான்சாவடி தாண்டி பைக்கில் போகும்போது தூரத்தில் கிரேனின் மேல் நுனி தெரியும். அதைப் பார்த்ததும் வாய் உலர்ந்துவிடும். நான் கேட்பது அவர் காதில் விழுகிறதா என்றே சந்தேகம் வந்தது. அதைச் சொல்வது பாவமாக இருந்தால் என்னை மன்னியுங்கள்.

ஸ்டெல்லாவிடம் கடைசியில் சொல்லிவிட்டேன். ஒரு ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது. கையைத் தட்டுக்கு மேல் நீட்டிக் காட்டினேன். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அழவில்லை. வேலையை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை.

"சரி. நானும் ஜெபம் பண்றேன்" என்றாள். அவ்வளவுதான்.

அப்போது கட்டடம் பதினான்காம் மாடிக்கு வந்துவிட்டது. அங்கேதான் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

செப்டம்பர் மாதத்து மேகம் உங்களுக்குத் தெரியும். காலையெல்லாம் வெயில் கொளுத்தும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் செம்பரம்பாக்கம் பக்கம் கருத்துக்கொண்டு வரும். மேலே நிற்கிற எங்களுக்கு அது வருவது நன்றாகத் தெரியும். நிழல் ஏரியைத் தாண்டி, பூந்தமல்லியைத் தாண்டி, ரோட்டோடு ஊர்ந்து வந்து கட்டடத்தின் மேல் ஏறும். ஏறினதும் காற்று மாறும். அந்த நேரத்தில் வடமேற்கு மூலையில் "டிக்" என்று ஒரு சத்தம். விரல் சொடுக்குகிற மாதிரி. ஒரே ஒரு தடவை.

முதல் நாள் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அதற்காகக் காத்திருந்தேன். வந்தது.

சலீமைக் கேட்டேன். "எனக்கு ஒன்னும் கேக்கலையே மச்சான்" என்றான். குமரேசன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாமக்கல் பக்கத்துக்காரர். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் அவருக்கு மேலே இருப்பவர்கள் தினமும் போனில் அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இரும்பு வெயிலுக்கு விரியும், நிழலுக்குச் சுருங்கும். சத்தம் போடத்தான்யா செய்யும். பத்தொம்பது வருஷம் வேலை பாத்தவன் கேக்கற கேள்வியா இது?" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். இரும்பு சத்தம் போடும். எனக்கும் தெரியும். ராஜேந்திரன் போன பிறகு என் காதுக்கு எல்லாமே மரணமாகத்தான் கேட்டது. பயம் பேசுகிறதா, இரும்பு பேசுகிறதா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு மேகம் வந்தது. ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தமும் வந்தது.

செப்டம்பர் மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஜெபித்தேன். "இன்றைக்காவது எடுத்துவிடும்" என்று கேட்டேன். ஒரு ஆறுதலும் வரவில்லை. மேலே போனேன்.

அன்றைக்குத் தளம் போடுவதற்கான தகடுகள் வந்திருந்தன. நெளிநெளியான இரும்புத் தகடுகள், கட்டுக் கட்டாக. கிரேன் ஒவ்வொரு கட்டாகத் தூக்கி வந்து பீம்களின் மேல் வைக்கும். வடமேற்கு மூலையில் மத்தியானத்துக்குள் மூன்று கட்டு வைத்தாகிவிட்டது. நாலாவது கட்டு இரண்டரை மணிக்கு வந்தது. கிரேன்காரனோடு வாக்கிடாக்கியில் பேசுவது சலீம். மூலைக்குப் போய்க் கட்டைப் பிடித்துத் திருப்பி உட்கார வைக்க வேண்டியது நான். எங்களுக்குக் கீழே, பதிமூன்றாம் மாடியிலும் பன்னிரண்டாம் மாடியிலும் ஆட்கள் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் பீமின் மேல் ஒரு அடி வைத்தேன். இரண்டாவது அடி வரவில்லை. முழங்கால் மடங்கிவிட்டது. அப்படியே உட்கார்ந்தேன். குதிரை மேல் உட்காருவது மாதிரி இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டேன். அப்படியும் முடியவில்லை. மார்பை இரும்பின் மேல் சாய்த்துப் படுத்துக்கொண்டேன். கட்டு தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் பார்க்கிறார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நான் தவழ ஆரம்பித்தேன். நாற்பத்து மூன்று வயதில், பதினான்காம் மாடியில், இரும்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. அழுதேன். ஆண்டவரிடம் கோபப்பட்டேன். "இதுதானா நீர் செய்தது? இவர்களுக்கு முன்னால் என்னை இப்படியா ஆக்குவீர்?" என்று உள்ளுக்குள் கேட்டேன்.

அப்படியே தவழ்ந்து மூலைத் தூண்வரை போய்ச் சேர்ந்தேன். பீமின் முனை, தூணோடு பற்றவைத்த ஒரு தாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கும். நிமிர்ந்து நடந்து வந்தால் பீம் அதை மறைத்துவிடும். நான் எத்தனை நாள் அந்தத் தூணுக்கு நடந்து வந்திருப்பேன். ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. அன்று என் தலை பீமின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கும் தாங்கிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

பெயிண்டில் ஒரு கோடு இருந்தது. நகக் கனம். தாங்கி தூணோடு சேருகிற இடத்தில், மேலேயிருந்து கீழே பாதிவரை. கோட்டிலிருந்து துரு வடிந்து காய்ந்திருந்தது.

கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி அதன் முனையை அந்தக் கோட்டில் வைத்தேன். உள்ளே போனது. இரும்புக்குள்ளே என் அட்டை நுழைகிறது. எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தேன். என் போட்டோ பாதி மறைகிறவரை போனது.

அந்த நிமிஷம் என் கை நடுங்கவில்லை. அதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

"சலீம்" என்றேன். "லோட எறக்காத. அப்டியே மேல தூக்கச் சொல்லு."

"இன்னா மச்சான்?"

"தாங்கி வுட்டுகினு கீது. தூக்கச் சொல்லு."

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். நான் பயந்தவன் என்று அந்தக் கட்டடத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் முழுசாகத் தெரியும். நம்பாமல் இருக்க அவனுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவன் வாக்கிடாக்கியை வாயருகில் கொண்டுபோனான். "அண்ணாத்தே, எறக்காத. தூக்கிகினு அந்தாண்ட போ" என்றான். கட்டு எங்கள் தலைக்கு மேலிருந்து மெதுவாக நகர்ந்து போனது.

நான் வந்த வழியே தவழ்ந்து திரும்பினேன். பத்து நிமிஷத்தில் குமரேசன் சார் மேலே வந்துவிட்டார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"யாருய்யா லோடை நிறுத்துனது?"

"நான்தான் சார். தாங்கியில விரிசல் கீது."

"பெயிண்ட் கோடுய்யா அது. ஒரு மாசமா நீ நடுங்கிட்டுத் திரியறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? உன் ஒருத்தன் பயத்துக்காக எல்லாரையும் உட்கார வைக்கச் சொல்றியா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் நான் மறைத்தது ஒரே வாக்கியத்தில் வெளியே வந்துவிட்டது. ஆனால் எனக்கு வெட்கமாக இல்லை. மேற்கே பார்த்தேன். ஏரிக்கு மேல் கருப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"ஆமா சார், பயம்தான்" என்றேன். "நீங்க போய் அந்த மூலைல நில்லுங்க. நீங்க நின்னீங்கன்னா நானே லோட எறக்கச் சொல்றேன்."

அவர் மூலையைப் பார்த்தார். மூன்று கட்டுத் தகடு அங்கே உட்கார்ந்திருந்தது. பீமின் மேல் ஒரு காலை வைத்தார். அங்கேயே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு காலைப் பின்னால் எடுத்தார்.

"எல்லாரும் கீழே போங்க" என்றார். குரல் மாறியிருந்தது. "பன்னெண்டு, பதிமூணுல இருக்கறவங்களையும் கூப்பிடுங்க. ஒரு ஆளு இருக்கக்கூடாது."

நாங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே நிழல் கட்டடத்தின் மேல் ஏறிவிட்டது. சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டே இறங்கினேன். வரவில்லை. அது வராததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வாசலில் இருந்த தகரக் கொட்டகையின் கீழ் எல்லோரும் கூடி நின்றோம். சலீம் விரல் நீட்டி எண்ணினான். எங்கள் ஆட்கள், ஒடிசாக்காரர்கள், எலக்ட்ரிக் வேலைக்காரர்கள். மழை பிடித்துக்கொண்டது. காற்று கொட்டகையையே பிய்த்துவிடும் போல அடித்தது. ஒரு கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ டீ வாங்கப் போகலாமா என்று கேட்டார்கள். குமரேசன் சார் என்னைப் பார்க்காமல் நின்றார். ஒருவேளை பெயிண்ட் கோடுதானோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

அப்போது மேலேயிருந்து ஒரு சத்தம். இத்தனை நாள் கேட்ட சின்னச் சத்தம் இல்லை. பெரிய இரும்புக் கதவை அறைந்து சாத்துகிற மாதிரி. அதற்குப் பிறகு ஒரு நொடி அமைதி. பிறகு அந்த மூலை முழுவதும், பீமும் தகடுகளும் சேர்ந்து, பதிமூன்றாம் மாடியைப் பிளந்துகொண்டு பன்னிரண்டாம் மாடியில் விழுந்தது. கால் வழியாகத் தரை அதிர்வது தெரிந்தது. சில தகடுகள் காற்றில் பறந்து, தாள் மாதிரி புரண்டு புரண்டு மழையில் இறங்கின.

குமரேசன் சார் மணல் குவியலின் மேல் நனைந்துகொண்டே உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டாம் மாடியில் அந்த மூலைக்கு நேர் கீழேதான் தினமும் நாங்கள் டீ குடிக்க உட்காருவோம். சலீம் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "அல்லாஹ் காப்பாத்திட்டான்டா மச்சான்" என்றான். இரண்டு பேரும் மழையில் நின்று அழுதோம்.

பிறகு வெளியிலிருந்து இன்ஜினியர்கள் வந்து ஒவ்வொரு தாங்கியையும் சோதித்தார்கள். பற்றவைத்த இடத்தில் அதே கோளாறு இன்னும் ஏழு தாங்கிகளில் இருந்ததாம். எல்லாவற்றையும் மாற்றி முடிக்க மாதக்கணக்கானது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"உங்க கைல ஒன்னு சொல்லணும். கோவிக்கக்கூடாது" என்றாள்.

"சொல்லு."

"பயத்த எடுத்துடுன்னு நீங்க கேட்டுகினு இருந்தீங்க. நான் அத கேக்கல. பயம் இருந்தாத்தான் நீங்க பாத்து கால் வெப்பீங்கன்னு தோணுச்சு. அதனால, ஆண்டவரே, என் வூட்டுக்காரர் அந்தக் கட்டடத்த வுட்டு எறங்கறவரைக்கும் அவர் பயத்த எடுக்காதீங்கன்னு கேட்டேன். தெனமும்."

நான் தினமும் குளியலறையில் முழங்கால் போட்டு ஒன்று கேட்டிருக்கிறேன். அவள் அடுப்படியில் நின்று அதற்கு நேர் எதிராகக் கேட்டிருக்கிறாள். ஒரு நிமிஷம் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு அப்படி. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் அந்த ஒரு மாதம் என்னை ஒவ்வொரு காலையும் அனுப்பிவிட்டு, கம்பெனியில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து என்ன பாடுபட்டிருப்பாள் என்று அப்போதுதான் தெரிந்தது. மாவுக் கையோடு நின்ற அவளைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் இரண்டும் ஒன்றும் புரியாமல் வந்து நின்றன. அங்கேயே எல்லோரும் முழங்கால் போட்டோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ராஜேந்திரன் மனைவி சுமதியும் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டு அவனை அனுப்பினவள்தான். அவன் ஏன் திரும்பி வரவில்லை, நான் ஏன் வந்தேன் என்று என்னைக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை நானும் ஸ்டெல்லாவும் கள்ளிக்குப்பம் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறோம். முதல் தடவை போனபோது, அவன் ஸ்பேனர் கேட்டதையும் நான் திரும்பாததையும் அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் இரண்டு தட்டு எடுத்து வந்து வைத்தாள். பிறகு, "சாப்ட்டு போங்கண்ணா" என்றாள்.

நான் இன்னும் அதே வேலைதான் செய்கிறேன். இப்போது லோடு ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தாங்கியையும் பக்கத்தில் போய்ப் பார்ப்பது என் பொறுப்பு. குமரேசன் சாரே அதைக் கொடுத்தார். தவழ்ந்துதான் போகிறேன். யாரும் சிரிப்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் கை நடுங்கினால் என்னிடம் வந்து சொல்கிறார்கள். நான் கீழே வேலை வாங்கிக் கொடுக்கிறேன், அல்லது பக்கத்தில் நிற்கிறேன். காலையில் ஏணியடியில் நான் கண்ணை மூடுவேன், சலீம் இரண்டு கையையும் ஏந்துவான். பிறகு ஏறுவோம்.

உங்களில் யாராவது ஒரே காரியத்தை நாள்கணக்காகக் கேட்டு, கிடைக்காமல் சோர்ந்துபோயிருக்கலாம். விடாமல் கேளுங்கள். நானும் கேட்டேன், திட்டிக்கூடக் கேட்டேன், அவர் என்னைத் தள்ளிவிடவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் இன்னொன்றும் செய்யுங்கள். உங்களுக்காக வீட்டில் வேறு யார் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நாளை திங்கட்கிழமை. பதினேழாம் மாடி. சலீமையும் மற்ற ஒன்பது பேரையும் என்னையும் நினைத்து ஜெபியுங்கள். சுமதியின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். என் பயத்தைப் பற்றி என்ன கேட்பது என்று தெரியாதவர்கள் ஸ்டெல்லாவைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.